புழுங்கலும் தீட்டலும்: பெரிபெரி ஆய்வு வரலாற்றின் வழி ஊட்டச்சத்து விழிப்புணர்வு குறித்த ஒரு மறுவாசிப்பு (1905–1958)

ஆய்வுச் சுருக்கம்

மக்களுக்கு ஊட்டச்சத்து அறிவு இல்லாமையே ஊட்டக் குறைபாட்டுக்குக் காரணம் என்னும் கருத்து இன்றைய நலவாழ்வு உரைகளில் பரவலாகக் காணப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மலாயாவிலும் சென்னை மாகாணத்திலும் நிகழ்ந்த பெரிபெரி நோய் ஆய்வுகளை முன்வைத்து இக்கட்டுரை அக்கருத்தைப் பரிசீலிக்கிறது. உயிர்ச்சத்து என்னும் சொல்லே உருவாகாத காலத்தில், நெல்லைப் புழுக்கி அரிசியாக்கும் வழக்கம் தமிழ்த் தொழிலாளரை இந்நோயிலிருந்து பெரிதும் காத்தது. அறிவியல் அதன் காரணத்தைக் கண்டறிந்த பின்னரோ, தீட்டிய பச்சரிசியை உண்ட பகுதிகளில் நோய் உடனடியாக மறையவில்லை. அன்றாட நலவாழ்வைத் தீர்மானிப்பதில் தனிமனிதத் தெரிவைவிட உணவு ஆக்க முறையும், உழைப்புப் பங்கீடும், விலையும் முதன்மையானவை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: புழுங்கல் அரிசி, பெரிபெரி, தயமின், குன்னூர் ஆய்வகம், மலாயாத் தமிழர், கைக்குத்தல், ஊட்டச்சத்து வரலாறு.

1. முன்னுரை

தமிழில் உணவு வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இலக்கியங்களில் இடம்பெறும் உணவுப் பெயர்களையும் விருந்தோம்பல் மரபையும் தொகுத்துரைப்பனவாக அமைந்துள்ளன. உணவு எவ்வாறு ஆக்கப்பட்டது, யாருடைய உழைப்பால் ஆக்கப்பட்டது, அம்முறை மாறியபோது உண்டவர் உடலுக்கு என்ன நேர்ந்தது என்னும் வினாக்கள் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன. மறுபுறம், ஊட்டச்சத்து விழிப்புணர்வு பற்றிய எழுத்துகள் இருவகை எளிமைப்படுத்தலுக்கு ஆட்படுகின்றன. மக்கள் அறியாமையால் தவறாக உண்கின்றனர் என்பது ஒன்று. முன்னோர் எல்லாவற்றையும் அறிந்தே செய்தனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எதிரெதிரானவைபோலத் தோன்றினும், உணவை அறிவு சார்ந்த பொருளாக மட்டுமே காண்பதில் ஒன்றுபடுகின்றன.

இவ்விரு கருத்துகளையும் சோதித்துப் பார்ப்பதற்குப் பெரிபெரி நோயின் வரலாறு ஏற்ற களமாகும். நரம்புகளையும் இதயத்தையும் தாக்கிக் கால்களைச் செயலிழக்கச் செய்தும், உடலில் நீர் கோக்கச் செய்தும், சில வேளைகளில் திடீர் இறப்பை விளைவித்தும் வந்த இந்நோய், அரிசியை முதன்மை உணவாகக் கொண்ட ஆசிய நாடுகளில் நீராவி ஆலைகள் பெருகிய காலத்தில் பேரளவில் பரவியது. அக்காலத்து மருத்துவ ஆய்வுகளின் முடிவுகளைச் சமூக வரலாற்று நோக்கில் மறுபடியும் வாசிப்பது இக்கட்டுரையின் அணுகுமுறையாகும்.

2. நெல்லிலிருந்து அரிசி: ஆக்கமுறையும் சத்தும்

நெல்லின் உமியை நீக்கினால் கிடைப்பது தவிட்டுப் படலமும் முளைக்கருவும் கூடிய அரிசி. தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்தின் பெரும்பகுதி இவ்விரண்டிலும்தான் உள்ளது. உலக்கையால் குத்தும்போது தவிடு முழுமையாக நீங்குவதில்லை. ஆலையில் தீட்டும்போது தவிட்டோடு முளைக்கருவும் நீங்கிவிடுவதால், வெண்மையான, ஆனால் சத்திழந்த அரிசி எஞ்சுகிறது.

புழுங்கல் முறை இந்நிகழ்வின் ஒழுங்கை மாற்றுகிறது. நெல்லை உமியோடு நீரில் ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உலர்த்திய பின்னரே குத்துகின்றனர் அல்லது அரைக்கின்றனர். ஊறும்போதும் வேகும்போதும் தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ள நீரில் கரையும் சத்துகளில் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குச் செல்கிறது. மாவுப்பொருள் இறுகி அரிசி கடினமாகிறது. எனவே பிறகு ஆலையில் தீட்டினாலும் சத்து முழுவதும் தவிட்டோடு போய்விடுவதில்லை.

இந்திய உணவுகளின் ஊட்ட மதிப்பைப் பட்டியலிடும் அட்டவணைகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. 100 கிராம் கைக்குத்தல் பச்சரிசியில் 0.21 மில்லிகிராம் தயமின் உள்ளது. ஆலையில் தீட்டிய பச்சரிசியில் அது 0.06 மில்லிகிராமாகக் குறைகிறது. கைக்குத்தல் புழுங்கல் அரிசியில் 0.27 மில்லிகிராமும், ஆலையில் தீட்டிய புழுங்கல் அரிசியில் 0.21 மில்லிகிராமும் உள்ளன. அதாவது, ஆலையில் தீட்டிய புழுங்கல் அரிசி, உலக்கையால் குத்திய பச்சரிசிக்கு இணையான அளவு தயமினைக் கொண்டுள்ளது. நாளொன்றுக்கு 500 கிராம் அரிசி உண்ணும் ஒருவருக்குத் தீட்டிய பச்சரிசியிலிருந்து 0.30 மில்லிகிராமும், தீட்டிய புழுங்கல் அரிசியிலிருந்து 1.05 மில்லிகிராமும் கிடைக்கும். உழைக்கும் ஒருவரின் நாள் தேவை 1 மில்லிகிராமுக்குக் குறையாது என்பதை நோக்க, இவ்வேறுபாட்டின் பொருள் விளங்கும். அரிசியைக் களையும்போதும் கஞ்சி வடிக்கும்போதும் ஏற்படும் இழப்பு இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. அவ்விழப்பும் பச்சரிசியில்தான் மிகுதி.

புழுக்கும் வழக்கத்தை உயிர்ச்சத்து பற்றிய மரபறிவாகக் கொள்வதற்கு இடமில்லை. புழுக்கிய நெல் குத்தும்போது நொறுங்காது, குருணை குறையும், அரிசி நெடுநாள் கெடாமலிருக்கும், சோறு எளிதில் குழையாது, நீரூற்றி வைத்த பழையதும் நன்றாக அமையும். உழவர் குடும்பங்கள் இம்முறையைப் பேணுவதற்கு இவையே போதிய காரணங்கள். உடல்நலம் காத்தது அதன் எண்ணியிராத பயன். நலம் காக்கும் வழக்கம் நலம் கருதியே தோன்றியிருக்க வேண்டும் என்பதில்லை.

3. மலாயா: தேர்ந்துகொள்ளாத தெரிவு

இவ்வெண்ணியிராத பயன் மருத்துவ உலகின் கவனத்தைப் பெற்றது தமிழகத்திலன்று, மலாயாவில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி பேரளவில் உயிர்களைக் கொண்டது. அவர்கள் சயாமிலிருந்து இறக்குமதியான தீட்டிய வெள்ளையரிசியை உண்டனர். அதே நிலத்தில், அதே தட்பவெப்பத்தில், தோட்டங்களில் உழைத்த தமிழர் இந்நோய்க்குப் பெரிதும் ஆளாகவில்லை. அவர்கள் தாய்நாட்டு வழக்கப்படி புழுங்கல் அரிசியையே உண்டனர். தம் நிலத்தில் விளைந்த நெல்லை அவ்வப்போது குத்தி உண்ட மலாய் உழவரிடமும் நோய் அரிதாகவே இருந்தது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் இவ்வேறுபாட்டை 1907ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் விரிவாக எடுத்துரைத்தார். ஆனால் அவர் காரணத்தைத் தவறாகவே கணித்தார். பழைய பச்சரிசியில் உண்டாகும் ஒரு நச்சுப்பொருளே நோயைத் தருகிறது என்று கருதினார். கோலாலம்பூர் மனநோயாளர் இல்லத்தில் 1905ஆம் ஆண்டு தொடங்கி வில்லியம் பிளெட்சர் நடத்திய சோதனையில் ஒரு பிரிவினருக்குச் சயாம் வெள்ளையரிசியும் மற்றொரு பிரிவினருக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் வழங்கப்பட்டன. முதற்பிரிவில் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். இரண்டாம் பிரிவு ஏறத்தாழ நோயின்றி இருந்தது. பின்னர் ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் தொலைவிடமொன்றில் சாலை அமைத்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரிடம் இதே ஒப்பீட்டைச் செய்து, இருவகை அரிசியையும் குழுக்களுக்கிடையே மாற்றியும் பார்த்தனர். நோய் அரிசியைத் தொடர்ந்தே சென்றது. தீட்டும்போது நீங்கும் ஏதோ ஒரு பொருளின் இன்மையே காரணம் என்னும் முடிவுக்கு அவர்கள் வந்தனர். 1910ஆம் ஆண்டு மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளையரிசியைத் தொடர்ந்து முதன்மை உணவாகக் கொள்வதற்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஏற்றது.

இச்சோதனைகளை அறிவியல் வெற்றிகளாக மட்டும் பதிவு செய்வது முழுமையாகாது. மனநோயாளர் இல்லத்தில் அடைபட்டோரும் ஒப்பந்தத்தால் கட்டுண்ட தொழிலாளரும் தாம் உண்ணும் அரிசியைத் தேர்ந்தவர்கள் அல்லர். நிருவாகம் வழங்கியதை உண்டவர்கள். அவ்வகையில் சுரங்கத்துச் சீனரும் நோயைத் தேர்ந்துகொள்ளவில்லை. தோட்டத்துத் தமிழரும் நலத்தைத் தேர்ந்துகொள்ளவில்லை. அவரவர்க்குக் கிடைத்த அரிசி எவ்வாறு ஆக்கப்பட்டிருந்தது என்பதே உயிருக்கும் இறப்புக்கும் இடையிலான எல்லையாக அமைந்தது.

4. குன்னூர்: ஆய்வகமும் அறிவுரையும்

சென்னை மாகாணத்தில் இவ்வாய்வு குன்னூரில் நிலைகொண்டது. தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் 1918ஆம் ஆண்டு பெரிபெரி ஆய்வுப் பிரிவைத் தொடங்கியவர் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த இராபர்ட் மக்காரிசன். 1923ஆம் ஆண்டு அரசின் செலவுக் குறைப்பால் பணி தடைப்பட்டது. 1925இல் குறைபாட்டு நோய் ஆய்வாக மீண்டும் உயிர்பெற்று, 1928இல் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. மக்காரிசன் அதன் முதல் இயக்குநரானார். அதற்கு முன்னரே, 1924ஆம் ஆண்டு, இந்தியாவில் அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள உறவு பற்றிய ஆய்வறிக்கையை அவர் நாரிசுடன் இணைந்து வெளியிட்டிருந்தார்.

மக்காரிசனின் பணியில் இரு கூறுகள் இங்குக் கருதத்தக்கன. முதலாவது, இந்தியாவின் பல்வேறு பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்கு அளித்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்ட சோதனை. கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியன கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் மிகுந்த எடையும், அரிசியை மையமாகக் கொண்ட 'மதராசி' உணவை உண்டவை மிகக் குறைந்த எடையும் பெற்றன. பால், பருப்பு, காய்கறி ஆகியவற்றின் இன்றியமையாமையை இச்சோதனை எளிதில் உணர்த்தியது. எனினும், ஒரு மாகாணத்தின் பல்வகை உணவுகளை ஒற்றைப் பெயரின்கீழ் அடக்கியது அதன் குறைபாடு. சென்னை மாகாணத்தில் பச்சரிசி உண்டோரும், புழுங்கல் உண்டோரும், கேழ்வரகும் கம்பும் சோளமும் உண்டோரும் இருந்தனர். அவ்வேறுபாடுகள் சாதியையும் வர்க்கத்தையும் நிலவகையையும் சார்ந்தவை. இனங்களின் உடல்வலிமையைத் தரவரிசைப்படுத்திய காலனியப் பார்வை இச்சோதனை முடிவுகள் வாசிக்கப்பட்ட விதத்திலும் படிந்திருந்தது.

இரண்டாவது, 1928இல் வெளியான 'உணவு' என்னும் சிறுநூல். பள்ளிகள், கல்லூரிகள், நலவாழ்வு மையங்கள், சாரணர் அமைப்புகள் ஆகியவற்றுக்கென எழுதப்பட்ட இந்நூல், இந்தியாவில் ஊட்டச்சத்து விழிப்புணர்வை ஒரு கல்விப் பணியாக வடிவமைத்த தொடக்க முயற்சிகளுள் ஒன்று. ஆய்வகத்தில் கண்ட உண்மையைச் செவ்வியான மொழியில் எடுத்துரைத்தால் மக்கள் தம் உணவைத் திருத்திக்கொள்வர் என்னும் நம்பிக்கை அதன் அடித்தளமாகும். இந்நம்பிக்கை இன்றளவும் தொடர்கிறது.

1935ஆம் ஆண்டு மக்காரிசனுக்குப் பின் இயக்குநராக வந்த வாலஸ் அய்க்ராய்டு, உலக நாடுகள் சங்கத்தின் நலவாழ்வுப் பிரிவில் பணியாற்றியவர். அவர் ஆய்வகத்திலிருந்து ஊர்களை நோக்கித் திரும்பினார். தென்னிந்தியச் சிற்றூர்களில் குடும்பங்கள் உண்ணும் உணவை அளந்து அறியும் ஆய்வுகள் அவர் காலத்தில் நடைபெற்றன. 1937ஆம் ஆண்டு வெளியான 23ஆம் எண் நலவாழ்வு அறிக்கை, இந்திய உணவுகளின் சத்து மதிப்பையும் நிறைவான உணவைத் திட்டமிடும் முறையையும் ஒருங்கே தந்தது. நிறைவான உணவுக்குக் குறைவான உணவைவிட மிகுந்த செலவாகும் என்பதை அய்க்ராய்டு மறைக்கவில்லை. அறிவுரையின் எல்லை எது என்பதை ஆய்வகமே இவ்வாறு உணரத் தொடங்கியது.

5. வட சர்க்கார் மாவட்டங்கள்: ஒரே மாகாணம், இருவேறு அரிசி

அய்க்ராய்டும் அவருடைய உடனாய்வாளரும் 1940ஆம் ஆண்டு வெளியிட்ட இந்திய அரிசிச் சிக்கல் குறித்த ஆய்வறிக்கை இக்கட்டுரைக்கு மையமான சான்றாகும். சென்னை மாகாணத்தில் பெரிபெரி பெரிதும் வட சர்க்கார் மாவட்டங்களில், அதாவது ஆந்திரக் கடற்கரைப் பகுதியில், காணப்பட்டது. தமிழ் மாவட்டங்களில் அது அரிது. இரு பகுதிகளிலும் வறுமை இருந்தது; இரு பகுதிகளிலும் ஆலைகள் இருந்தன. வேறுபாடு, வட சர்க்காரில் ஏழைகளும் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர் என்பதிலும், தமிழ் மாவட்டங்களில் புழுங்கல் அரிசியே பெருவழக்கு என்பதிலும் அமைந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் சீனருக்கும் தமிழருக்கும் இடையே கண்ட வேறுபாடு, இங்கு ஒரே மாகாணத்தின் இரு பகுதிகளுக்கு இடையே வெளிப்பட்டது.

இங்கு ஒரு வினா எழுகிறது. தமிழகத்திலும் பச்சரிசி உண்டோர் இருந்தனர். சடங்குத் தூய்மை கருதிப் புழுங்கலைத் தவிர்த்த மேல்சாதியினர் வெண்மையான பச்சரிசியை உயர்வாகக் கொண்டனர். அவர்களிடம் ஏன் இந்நோய் பரவவில்லை? விடை அரிசியில் இல்லை. அரிசியோடு சேர்ந்த பருப்பிலும் பாலிலும் காய்கறியிலும் உள்ளது. பல்வகை உணவை வாங்க இயன்றவருக்குத் தீட்டிய அரிசி கேடு செய்யவில்லை. அரிசியைத் தவிர வேறெதுவும் போதிய அளவு கிட்டாதவருக்கு அதே அரிசி நோயாயிற்று. வெண்மையை மதிப்பாகக் கருதும் பழக்கம் மேலிருந்து கீழ் நோக்கிப் பரவலாம். அம்மதிப்பின் தீங்கிலிருந்து காக்கும் துணையுணவு அவ்வாறு பரவுவதில்லை.

இக்காலத்திற்குள் நோயின் வேதியியல் முழுமையாக வெளிப்பட்டிருந்தது. ஜாவாவில் ஜான்சனும் டோனாத்தும் 1926இல் தயமினைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936இல் இராபர்ட் வில்லியம்சு அதனைச் செயற்கையாக உருவாக்கினார். கிறித்தவச் சமயப் பணியாளரின் மகனான வில்லியம்சு, 1886ஆம் ஆண்டு சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர். அச்சத்தின் வேதியியல் வாய்பாடு தெரிந்த பின்னும், அதனை அரிசியிலிருந்து நீக்கும் ஆலைகள் தொடர்ந்து இயங்கின. அறிவின் நிறைவும் நோயின் ஒழிவும் ஒரே காலத்தில் நிகழவில்லை.

6. உலக்கையும் ஆலையும்

1934ஆம் ஆண்டு வார்தாவில் காந்தியடிகள் தொடங்கிய அனைத்திந்தியக் கிராமத் தொழிற் சங்கம், தீட்டாத கைக்குத்தல் அரிசியைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. அதன் செயலாளராகப் பொறுப்பேற்ற ஜே. சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர். ஆலை அரிசியின் சிக்கலைச் சத்திழப்பாக மட்டுமின்றி, ஊரின் வேலையிழப்பாகவும் இணைத்துப் பார்த்தது இவ்வியக்கத்தின் சிறப்பு. நெற்குத்துதல் ஏழைப் பெண்களின் வாழ்வாதாரம். தவிடும் குருணையும் ஊருக்குள்ளேயே பயன்பட்டன. ஆலை வந்தபோது இவையனைத்தும் ஒருங்கே இடம்பெயர்ந்தன. விடுதலைக்குப் பின் 1958ஆம் ஆண்டு இயற்றப்பட்ட அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம், ஆலைகளுக்கு உரிமம் வழங்குகையில் கைக்குத்தல் தொழிலின் நிலையையும் கருத வேண்டும் என்னும் நோக்கைக் கொண்டிருந்தது. அச்சட்டம் 1997இல் நீக்கப்பட்டது.

எனினும், உலக்கைக்குத் திரும்புக என்னும் அறிவுரை யாரை நோக்கியது என்பதையும் வினவ வேண்டும். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையில் வள்ளைப்பாட்டு இடம்பெறும் அளவுக்கு நெற்குற்றல் பெண்களின் பணியாக நிலைபெற்றிருந்தது. பாட்டு எஞ்சியதால் பாடு மறைந்துவிடவில்லை. கூலிக்குக் குத்தியவளுக்கு ஆலை வேலையிழப்பைத் தந்தது. தன் வீட்டுக்கெனக் குத்தியவளுக்கு ஓய்வைத் தந்தது. ஆலையை ஏற்ற பெண்ணை அறியாமையால் ஏற்றவள் என்று கூறுவது அவள் தோள்வலியை அறியாதவர் கூற்றேயாகும். வணிகரின் தரப்பிலும் ஒரு காரணம் இருந்தது. தவிட்டில் எண்ணெய் உள்ளமையால் தீட்டாத அரிசி விரைவில் சிக்கு வாடை கொள்ளும், பூச்சியும் பிடிக்கும். தொலைவிலுள்ள சந்தைக்கு அனுப்பவும் சேமிக்கவும் தீட்டிய அரிசியே ஏற்றது.

புழுங்கல் முறையின் வரலாற்றுச் சிறப்பு இவ்விடத்தில்தான் புலப்படுகிறது. ஆலையைத் துறக்காமலும், பெண்களை மீண்டும் உரலடிக்கு அனுப்பாமலும், சேமிப்பைக் கெடுக்காமலும் அது சத்தின் பெரும்பகுதியைக் காத்தது. புழுக்குதலை ஊக்குவிப்பதைக் குன்னூர் ஆய்வாளர்கள் நடைமுறைக்கு உகந்த வழிகளுள் ஒன்றாகக் கண்டதன் பொருத்தம் இதுவே. உண்பவர் எதையும் புதிதாக அறிந்து, தெரிந்து, பின்பற்ற வேண்டிய தேவையை அது வைக்கவில்லை.

7. விழிப்புணர்வும் அமைப்பும்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகளைப் பெறலாம். முதலாவது, நலம் காக்கும் நடைமுறையும் அதனை விளக்கும் அறிவும் வெவ்வேறு காலங்களில் தோன்றக்கூடும். ஒன்று மற்றொன்றுக்கு முன்நிபந்தனை அன்று. இரண்டாவது, ஆக்கமுறை நிலையில் செய்யப்படும் மாற்றம் அனைவரையும் சென்றடைகிறது. உண்பவரின் தெரிவை மட்டும் நம்பிய அறிவுரை, தெரிவு செய்யும் வசதி உடையவரையே முதலில் சென்றடைகிறது. மூன்றாவது, ஒரே உணவு வெவ்வேறு வாழ்நிலையில் வெவ்வேறு விளைவைத் தருகிறது. எனவே 'நல்ல உணவு', 'தீய உணவு' என்னும் பகுப்பு, உண்பவரின் வருவாயையும் துணையுணவையும் கருதாதபோது முழுமையற்றது.

இக்கருத்துகள் விழிப்புணர்வு தேவையற்றது என்னும் முடிவுக்கு இட்டுச்செல்வன அல்ல. களைநீரைப் பலமுறை மாற்றுவதும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் சத்திழப்புக்குக் காரணம் என்னும் செய்தி, செலவின்றிப் பின்பற்றத்தக்க பயனுள்ள அறிவே. ஆயினும் அறிவுரை பயன்படும் இடத்தையும் அமைப்பு மாற வேண்டிய இடத்தையும் பிரித்தறிதல் வேண்டும். இன்று தமிழக நியாயவிலைக் கடைகளில் புழுங்கல் அரிசியும் பச்சரிசியும் வழங்கப்படுகின்றன. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல் கொள்முதலும் அரவையும் புழுங்கல் முறையைப் பேரளவில் நிலைநிறுத்தியுள்ளன. இரும்பு, போலிக் அமிலம், பி12 ஆகியன சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசியைப் பொதுத் திட்டங்களின் வழி வழங்குவதும் 2021ஆம் ஆண்டு அறிவிப்புக்குப் பின் நாடெங்கும் விரிவடைந்தது. தீட்டி நீக்குவதையும் பின்னர்ச் சேர்ப்பதையும் ஒரே கொள்கையின் இரு பகுதிகளாக ஆராய்வதற்குப் பெரிபெரியின் வரலாறு ஒரு தொடக்கப் புள்ளியாகும்.

8. முடிவுரை

குன்னூரில் ஒற்றை அறையில் தோன்றிய ஆய்வகம் 1958ஆம் ஆண்டு ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. அது தோன்றக் காரணமான பெரிபெரி இன்று தென்னிந்தியாவில் பொதுநோயாக இல்லை. நீரிழிவும் இரத்தசோகையும் இன்றைய கவலைகள். அவற்றைப் பற்றிய உரைகளிலும் 'மக்கள் சரியாகத் தெரிவு செய்வதில்லை' என்னும் குறை மீண்டும் ஒலிக்கிறது. மலாயாவின் சுரங்கத் தொழிலாளரும் வட சர்க்காரின் ஏழை உழவரும் தவறாகத் தெரிவு செய்தமையால் நோயுற்றவர்கள் அல்லர்; தோட்டத்துத் தமிழர் சரியாகத் தெரிவு செய்தமையால் பிழைத்தவர்களும் அல்லர். அவர்கள் தட்டுக்கு வருமுன்பே அரிசியின் தன்மை தீர்மானிக்கப்பட்டுவிட்டது. ஊட்டச்சத்து வரலாற்றை எழுதுவோர் உண்பவரின் தட்டோடு நின்றுவிடாமல், நெல் ஊறும் தொட்டியையும் அரவை ஆலையையும் கூலிக் கணக்கையும் தம் சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிவாகும்.